ஒரு பங்கின் ஏழு நாள்

கத்தோலிக்கக் கோயில் வாசலில் ஒரு பலகை இருக்கும். ஞாயிறு திருப்பலி இத்தனை மணிக்கு, செவ்வாய் நவநாள், முதல் வெள்ளி நற்கருணை ஆசீர், சனி மாலை பாவசங்கீர்த்தனம், அலுவலக நேரம், பங்குத்தந்தையின் பெயர். அந்த வழியாகப் போகிற மற்ற மதத்தவருக்கு இதில் பாதி புரியாது. செப்டம்பரில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடக்கிற கூட்டத்தை அவர்கள் பார்த்திருப்பார்கள். கிறிஸ்துமஸ் கேக்கும் சாப்பிட்டிருப்பார்கள். கத்தோலிக்கரின் சமய வாழ்க்கையில் பெரும்பகுதி கழிவதோ இந்தப் பலகையில் இருக்கிற சாதாரண வாரத்தில்.

பங்கு என்பது எல்லை வகுத்த ஒரு பகுதி. ஆயரின் பொறுப்பில் மறைமாவட்டம். அதற்குள் பல பங்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்குத்தந்தை. நீங்கள் எந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்பதை உங்கள் வீடு இருக்கும் தெருதான் முடிவு செய்கிறது. ஞாயிறு திருப்பலிக்கு, பேச்சுவழக்கில் பூசைக்கு, எந்தக் கோயிலுக்குப் போனாலும் தடையில்லை. நகரத்துக்காரர்கள் பாடகர் குழு நன்றாக இருக்கிற கோயில், பிரசங்கம் சுருக்கமாக முடிகிற கோயில், வண்டி நிறுத்த இடமுள்ள கோயில் என்று தேடிப் போகவும் செய்கிறார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு என்று வந்தால்தான் சொந்தப் பங்கின் நினைவு வரும். கிராமப்புறத்தில் ஒரு தாய்ப்பங்கைச் சுற்றிச் சில கிளைக்கிராமங்கள் இருக்கும். சாமியார், அதாவது பங்குத்தந்தை, அங்கெல்லாம் முறை வைத்துப் போவார். அவர் வராத நாளில் உபதேசியார் செபம் நடத்துவார். 16ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறை ஊர்களில், தான் இல்லாதபோது செபம் சொல்லித்தர ஆள் வைத்துவிட்டுப் போனார். இன்றைய உபதேசியார் அந்த ஏற்பாட்டின் வழிவந்தவர்.

நான் இங்கே சொல்வது தமிழ்நாட்டில் பெரும்பான்மையான இலத்தீன் முறைக் கத்தோலிக்கரைப் பற்றி. குமரி மாவட்டத்தில் சீரோ மலபார், மலங்கரை முறையினரும் உண்டு. அவர்களுடைய வழிபாட்டு முறை வேறு.

வாரத்தின் மையம் ஞாயிறு. இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால் அன்று திருப்பலியில் பங்கெடுப்பது கத்தோலிக்கருக்குக் கடமை, விருப்பத்தைப் பொறுத்ததல்ல. நோயாளிக்கும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கும் விலக்கு உண்டு. சனிக்கிழமை மாலைப் பூசையும் ஞாயிறுக் கணக்கில் சேரும்.

திருப்பலி ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதில் இரண்டு பாதி. முதல் பாதி வாசிப்பது, கேட்பது. பெரும்பாலும் பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு வாசகம், பதிலுரைப் பாடல், திருத்தூதர்களின் கடிதத்திலிருந்து ஒன்று, பிறகு எல்லாரும் எழுந்து நிற்க நற்செய்தி. எந்தப் பகுதியை வாசிப்பது என்று சாமியார் தேர்ந்தெடுப்பதில்லை. மூன்று ஆண்டுச் சுழற்சியாக முன்பே வகுத்து வைத்திருக்கிறார்கள்: ஓர் ஆண்டு மத்தேயு, அடுத்தது மாற்கு, அதற்கடுத்தது லூக்கா. யோவான் நற்செய்தி முக்கியமாகத் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் வரும். 2025 நவம்பர் 30 அன்று, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறோடு, மத்தேயு ஆண்டு தொடங்கியது. அட்டவணை பொதுவானது என்பதால் ஒரே ஞாயிறு தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் மணிலாவிலும் வாசிக்கிற நற்செய்தி ஒன்றே. பிரசங்கம் மட்டும் அவரவர் திறமை.

பிறகு விசுவாசிகள் மன்றாட்டு, காணிக்கை, இரண்டாம் பாதி. அப்பமும் திராட்சை இரசமும் பீடத்துக்கு வருகின்றன. அப்பம் கோதுமை மாவும் தண்ணீரும் மட்டுமே சேர்ந்தது, புளிக்காதது. பல இடங்களில் கன்னியர் மடங்களில் சுட்டுத் தருகிறார்கள். இயேசு தம் கடைசி இரவு உணவில் சொன்ன வார்த்தைகளைக் குரு சொல்லும்போது அவை கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறுகின்றன என்பது கத்தோலிக்க நம்பிக்கை. அடையாளம் என்று மட்டும் அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. பூசை முடிந்த பிறகும் அப்படி மாறிய அப்பத்தை, அதாவது நற்கருணையை, வைத்திருக்கும் பேழையின் அருகில் விளக்கு எரிவதும், அதன் முன்னால் போகிறவர்கள் முழங்காலை மடித்து எழுவதும் இதனால்தான்.

நண்பர் வீட்டுக் கல்யாணப் பூசைக்கு வந்த இந்து அல்லது முஸ்லிம் விருந்தாளிகள் சங்கடப்படுகிற இடம் நற்கருணை வழங்கும் நேரம். பிரசாதம் எல்லாருக்கும் உண்டு என்று நினைத்து வரிசையில் சேர்ந்துவிடுகிறார்கள். நற்கருணை கத்தோலிக்கருக்கு மட்டும். அவர்களிலும் பெரும் பாவத்தில் இருக்கிறவர் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவ அறிக்கை, செய்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பிடக் கூடாது. விருந்தாளி தன் இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். மற்றபடி மற்றவர்கள் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தால் போதும்.

திருப்பலியின் இந்த இரண்டு பாதி அமைப்பு மிகப் பழையது. கி.பி. 155 வாக்கில் உரோமையில் வாழ்ந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று கூடி என்ன செய்கிறார்கள் என்று பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில் வாசகம், பிரசங்கம், மன்றாட்டு, அப்பமும் இரசமும், கைம்பெண்களுக்கும் அநாதைகளுக்கும் காணிக்கை எல்லாம் இருக்கின்றன. மொழி மட்டும் நம் தாத்தா பாட்டி காலம்வரை இலத்தீன். குரு பீடத்தைப் பார்த்து நின்று இலத்தீனில் சொல்லிக்கொண்டிருக்க, மக்கள் தங்கள் பாட்டுக்குத் தமிழில் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழிக்கு வழி திறந்தது. 1969இல் இந்தியாவுக்கென்று 12 மாற்றங்களை உரோமை ஏற்றது: காலணி கழற்றித் தரையில் அமர்வது, கைகூப்பி வணங்குவது, ஆரத்தி, குத்துவிளக்கு போன்றவை. சமாதானத்தைத் தெரிவிக்கப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்புவது இப்போது இங்கே இயல்பாகிவிட்டது.

பூசையில் மக்கள் மிகக் கூர்மையாகக் கேட்பது எதை என்றால், என் கணிப்பில், கடைசியில் வரும் அறிவிப்புகளை. அதுவரை தூங்கிய பிள்ளைகூட விழித்துக்கொள்ளும். கல்யாண ஓலை வாசிப்பது அப்போதுதான்: இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று மூன்று ஞாயிறு. தடை சொல்ல யாரும் வருவது அபூர்வம். யார் வீட்டில் கல்யாணம் என்று ஊருக்கே தெரிந்துவிடுவதுதான் நடைமுறைப் பலன்.

பூசை தொடங்குமுன் பெயர்கள் வாசிப்பதும் உண்டு. அவை பூசைக் கருத்துகள். இறந்த அப்பாவின் நினைவு நாள், மகளின் பிறந்தநாள், கிடைத்த வேலைக்கு நன்றி என்று எழுதிக் கொடுத்து ஒரு சிறு காணிக்கையும் தருவார்கள். பூசைக்கு விலை கொடுப்பதாக வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். திருச்சபைச் சட்டம் அந்தத் தோற்றத்தைக்கூடத் தவிர்க்கச் சொல்கிறது. காணிக்கை தர வழியில்லாதவர் கருத்துக்கும் பூசை வைக்கச் சொல்லிக் குருக்களை வலியுறுத்துகிறது. ஒரே நாளில் பல பூசை வைத்தாலும் ஒன்றின் காணிக்கையைத்தான் குரு தனக்கென வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்துமஸ் மட்டும் விதிவிலக்கு. ஞாயிறுகளில் ஒரு பூசையைப் பங்குத்தந்தை தன் மக்கள் எல்லாருக்காகவும் ஒப்புக்கொடுத்தாக வேண்டும். அதற்குக் காணிக்கை கிடையாது.

வார நாட்களின் முகமே வேறு. காலைப் பூசைக்கு வருகிறவர்கள் சிலர். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், கன்னியர்கள். செவ்வாய் மாலை பார்த்தால் கோயில் நிரம்பியிருக்கும், அன்று புனித அந்தோணியாரிடம் வேண்டும் நவநாள் பக்தி. 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை, பதுவா நகருக்கு அருகே இறந்த அவரை அடக்கம் செய்தது அடுத்த செவ்வாய். அந்த நாள் அவருக்கானதாக நிலைத்துவிட்டது. சென்னை பாரிமுனையில் அரண்மனைக்காரத் தெருக் கோயிலில் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரியோடு நிற்கிறவர்களில் கணிசமானோர் கிறிஸ்தவர்கள் அல்லர். அவர்களிடம் யாரும் மதம் கேட்பதில்லை. பல பங்குகளில் புதன் சகாய மாதாவுக்கு, சனி பொதுவாக மாதாவுக்கு. மாதத்தின் முதல் வெள்ளி இயேசுவின் திரு இருதயத்துக்கு. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் மார்கரீத் மரியா அலக்கோக் என்ற கன்னியரிடமிருந்து தொடங்கிய பக்தி அது. தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதை, 14 நிலைகள். இவற்றில் எதற்கும் ஞாயிறுபோலக் கடமை கிடையாது. கூட்டம் ஞாயிறுக்குக் குறையாமல் வருவதைப் பார்த்துச் சாமியார்கள் சிலர் உள்ளூர வருத்தப்படுவதும் உண்டு, ஞாயிறு வராதவர் செவ்வாய் தவறாமல் வருகிறாரே என்று.

கோயிலுக்கு வெளியே நடப்பது அன்பியம். இருபது முப்பது குடும்பங்களைத் தெருவாரியாகச் சேர்த்து ஒரு புனிதர் பெயர் வைத்திருப்பார்கள். முறைவைத்து ஒரு வீட்டில் கூடி, ஒரு பகுதியை வாசித்து, அதைப் பற்றி ஆளுக்கு ஒரு வார்த்தை பேசி, செபம் சொல்லிக் கலைவார்கள். தேநீரும் முறுக்கும் கட்டாயமில்லை, தவறியதும் இல்லை. பெயர்ப்பட்டியலில் ஆண்கள் இருப்பார்கள். பாயில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் பெண்கள். யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், எந்தப் பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவில்லை என்பது சாமியாருக்குத் தெரிய வருவது இங்கிருந்து. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் வந்து நாற்காலி போடுவதும் செபமாலை தொடங்குவதும் அன்பியத்துக்காரர்கள்தான்.

சபைகளும் உண்டு. 1833இல் பாரிசில் ஓசனாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை ஏழை வீடுகளைத் தேடிப் போய் அரிசி, மருந்து என்று கொடுக்கிறது. 1921இல் டப்ளினில் பிராங்க் டஃப் தொடங்கிய மரியாயின் சேனை வாரம் தவறாமல் கூடும். போன வாரம் யாரைச் சந்தித்தோம் என்று உறுப்பினர்கள் வாய்மொழியாகக் கணக்குச் சொல்ல வேண்டும். இரண்டிலும் நரைத்த தலைகளே அதிகமாகி வருகின்றன. பிள்ளைகளுக்கு ஞாயிறு பூசையை ஒட்டி மறைக்கல்வி வகுப்பு.

இனி, அலுவலக அலமாரியில் இருக்கும் பதிவேடுகள். ஞானஸ்நானம், திருமணம், இறப்பு மூன்றுக்கும் தனித்தனிப் புத்தகம். இவற்றில் ஞானஸ்நானப் புத்தகம்தான் தலையானது. நீங்கள் உறுதிப்பூசுதல் பெற்றாலும், திருமணம் செய்தாலும், குருவானாலும், அது நடந்த இடத்திலிருந்து உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பங்குக்குத் தகவல் போய், அந்தப் பழைய பதிவின் ஓரத்தில் ஏற வேண்டும். அதனால்தான் துபாயில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்கு வருகிற பையனிடம், பெட்டியில் பத்திரமாக இருக்கிற பழைய சான்றிதழ் போதாது, புதிதாக ஒன்று எடுத்து வா என்கிறார்கள். இடையில் வேறெங்காவது திருமணம் பதிவாகியிருந்தால் புதுச் சான்றிதழில் தெரியும், பழையதில் தெரியாது.

நிர்வாகத்துக்கு வந்தால், நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தாக வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். பங்குப் பேரவை இருக்க வேண்டுமா என்பதை ஆயர் முடிவு செய்கிறார். இரண்டும் ஆலோசனை சொல்லலாம்; முடிவு பங்குத்தந்தையுடையது. சட்டம் அப்படி. கடற்கரை ஊர்களில் தலைக்கட்டு வரி வசூலித்துக் கோயில் கட்டிய ஊர்க் கமிட்டியின் முன் அந்தச் சட்டத்தை நீட்டுகிற சாமியாருக்குப் பொறுமை நிறைய வேண்டும்.

சாதியைச் சொல்லாமல் தமிழ்ப் பங்கைப் பற்றி எழுதினால் அது பாதிப் பொய். ஒரே பீடத்தைப் பார்த்தபடி இரண்டு சாதியாருக்கு இரண்டு பிரிவாகக் கட்டிய வடக்கன்குளம் கோயிலில் நடுச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. 2008இல் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி எழுந்த மோதல் துப்பாக்கிச் சூட்டிலும் இரண்டு உயிரிழப்பிலும் முடிந்தது. தேர் எந்தத் தெரு வரை வரும், கல்லறைத் தோட்டம் ஒன்றா இரண்டா என்ற கேள்விகள் இன்னும் சில ஊர்களில் தீராமல் இருக்கின்றன. ஒரே அப்பத்தில் பங்கெடுக்கிறோம் என்பவர்களுக்கு இதற்கு எந்த நியாயமும் கிடையாது.

புதிதாக ஓர் ஊருக்குக் குடிபோன கத்தோலிக்கக் குடும்பத்துக்கு நடைமுறை எளிது. அலுவலக நேரத்தில் போய்ப் பழைய பங்கின் கடிதம் இருந்தால் கொடுத்து, வீட்டிலுள்ளவர்கள் பெயரைப் பதிந்துகொண்டு, உங்கள் தெரு எந்த அன்பியம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற அவசரம் வரும்வரை இதைத் தள்ளிப் போடுகிறவர்கள்தான் அதிகம். அப்போது ஒரே நாளில் எல்லாம் முடிய வேண்டும் என்று எழுத்தரோடு சண்டை போடுகிறவர்களும் அவர்களே.