முதுமை எங்கிருந்து வருகிறது?

நோயாளிகளுக்கு நற்கருணை வழங்கப் பள்ளிபாளையத்தில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். திண்ணையில் முதியவர் ஒருவர் சுவரை நோக்கி அமர்ந்திருந்தார். நலம் வினவினோம், விடையில்லை. "அப்பாருக்கு ஒண்ணும் விளங்காதுங்க சாமி, வயசாயிப் போச்சுங்க" என்றான் பேரன். நாம் அவருடைய செவியருகே குனிந்து உரக்கப் பேசினோம். அவர் முகம் மலர்ந்தது. தாம் தறி ஓட்டிய காலத்தை ஒழுங்காக எடுத்துரைக்கலானார். மங்கியது அவரது அறிவன்று, செவியே! பல்லாண்டுகள் விசைத்தறிகளின் நடுவே நின்றவர் அவர். ஓயாத இரைச்சல் உட்செவியின் நுண்ணிய உயிரணுக்களை அழித்துவிடும். அவை மீண்டும் தோன்றுவதில்லை.

அன்பு வாசகர்களே, அவ்வாறெனில் முதுமை என்பதுதான் யாது?

உடலுக்குள் நிகழ்வதை அறிஞர் பலவாறு விளக்குவர். மூச்சுக்காற்றை உடல் பயன்படுத்துகையில் பிறக்கும் சில வேதிப்பொருள்கள், இரும்பைத் துரு அரிப்பதுபோல் உயிரணுக்களைச் சிதைக்கின்றன என்றார் டென்ஹாம் ஹார்மன் (1956). மனித உயிரணு ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் ஓய்ந்துவிடுவதை லெனார்டு ஹேஃப்ளிக் 1961இல் கண்டறிந்தார். துண்டின் ஓர முடிச்சு அவிழ்ந்தால் நூல் பிரியுமன்றோ? அம்முடிச்சைப் போன்றே குரோமோசோம்களின் நுனியைக் காப்பது டெலோமியர். அது ஒவ்வொரு பிரிவிலும் குறுகுகிறது. இதனை ஆராய்ந்த மூவர் 2009இல் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் முதுமை முழுவதையும் விளக்கும் ஒற்றைக் கோட்பாடு இன்றுவரை இல்லை.

உள்ளத்தையும் சமூகத்தையும் ஆய்ந்தோர் வேறு கூறினர். முதியோரும் சமூகமும் ஒருவரையொருவர் விட்டு விலகுவது இயல்பே என்றனர் எலேன் கம்மிங், வில்லியம் ஹென்றி ஆகியோர் (1961). ராபர்ட் ஹாவிகர்ஸ்ட் போன்றோரோ, பணியும் உறவும் தொடர்ந்தால்தான் முதுமையில் மனநிறைவு நிலைக்கும் என்றனர். கடந்த வாழ்வைத் திரும்பிப் பார்த்து நிறைவு காண்பதே இறுதிப் பருவத்தின் கடமை. இல்லையேல் விரக்தியே எஞ்சும் என்றார் எரிக் எரிக்சன். திரும்பிப் பார்த்ததைச் சொல்லக் கேட்பவர் வேண்டாமா?

திண்ணைப் பெரியவர் தாமாக விலகினாரா? செவி கேளாதவரிடம் பேச்சைக் குறைத்தது வீட்டார்; பின்னர் 'ஒதுங்கிவிட்டார்' என்று சொன்னதும் அவர்களே. உடலின் தேய்வை எவராலும் முற்றிலும் தடுக்க இயலாது. ஆனால் நாம் அதன்மேல் ஏற்றிவைக்கும் இந்த இரண்டாம் முதுமையைத் தடுக்கலாம்.

1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். எல்லாவற்றையும் வயதின்மேல் போடாமல் காரணத்தைத் தேடுவதே முதியோர் மருத்துவம். ஆகவே, பெற்றோர் பேச்சைக் குறைத்தால் முதலில் செவியைப் பரிசோதிக்கச் செய்வோம். முகத்தை நோக்கி, நிதானமாகப் பேசுவோம். அவர்களால் இயன்றதொரு பொறுப்பை அவர்களிடமே விட்டுவைப்போம். இன்று தறியில் நிற்கும் இளைஞர்கள் இப்போதே காதடைப்பான் அணிதல் நன்று.

தாய் தந்தையரைப் போற்றப் பணிக்கும் நான்காம் கட்டளை, சோறிடுவதோடு நிறைவேறிவிடுவதில்லை. அருகில் அமர்ந்து கேட்பதும் அதில் அடங்கும்.