உதிரிகள் சரி, இணைப்பு சரியா?

நம் சாமராஜநகர் தமிழ்க் குடும்பங்களிலிருந்து மைசூருக்கும் பெங்களூருக்கும் கணிப்பொறி வேலைக்குப் போன பிள்ளைகள் உண்டு. அவர்கள் அடிக்கடி சொல்லும் ‘இன்டெக்ரேஷன்’ என்றால் என்ன என்று பெரியவர்கள் என்னைக் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

பெரிய மென்பொருளை யாரும் ஒரே துண்டாக எழுதுவதில்லை. புதிதாக எழுதியது, வெளியில் வாங்கியது, பழைய திட்டத்திலிருந்து எடுத்தது என்று பல பகுதிகளைச் சேர்க்கிறார்கள். தனித்தனியே நன்றாக ஓடியவை சேர்த்தபின் கெடுவதுண்டு.

நில அளவையே பாருங்கள். இங்கே ஏக்கருக்கு 40 குண்டே. எல்லை தாண்டித் தாளவாடி போனால் ஏக்கருக்கு 100 சென்ட். இங்கிருந்து ‘20’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் நமக்கு அது அரை ஏக்கர். அங்கே ஏக்கரில் ஐந்தில் ஒரு பங்கு. இருவர் கணக்கும் சரிதான். எந்த அளவு என்று எழுதாததுதான் தவறு.

இதே வகைத் தவறு 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட்டை அழித்தது. தென் அமெரிக்காவின் கூரூவிலிருந்து முதன்முறையாகக் கிளம்பிய அது சுமார் 40 நொடிகளில் சிதறியது. நான்கு செயற்கைக்கோள்களும் போயின.

அதன் திசை அறியும் கருவியின் மென்பொருள் முந்தைய ஏரியான் 4-இல் நன்றாக ஓடியதுதான். அதற்குள் ஓர் எண்ணை 16 பிட் இடத்தில் அடக்கும் வரி இருந்தது. அந்த இடம் 32,767 வரைதான் கொள்ளும். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். எண் கொள்ளவில்லை, கருவி நின்றது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள் என்பதால் அதுவும் நின்றது. நின்ற கருவி அனுப்பிய கோளாறுக் குறிப்பைத் தலைமைக் கணிப்பொறி பறக்கும் விவரம் என்று படித்து ராக்கெட்டைத் திருப்பிவிட்டது.

பெர்ட்ரண்ட் மேயரும் ழான்-மார்க் ஜெசெக்கலும் 1997-இல் இதற்குச் சொன்ன பாடம், ஒவ்வொரு பகுதிக்கும் ஒப்பந்தம் வேண்டும் என்பது. “இந்த எல்லைக்குள் எண் கொடு, இந்த விடை தருகிறேன்” என்று அது சொல்ல வேண்டும். பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போலத்தான். இத்தகைய ஒப்பந்தத்தைக் கணித மொழியில் எழுதுவதை ‘ஃபார்மல் ஸ்பெசிஃபிகேஷன்’ என்கிறார்கள். பேச்சு மொழியில் எழுதினால் இருவர் இரண்டு பொருள் கொள்ளலாம். கணிதத்தில் அதற்கு இடமில்லை. ஒரு பகுதி தருவதும் அடுத்த பகுதி கேட்பதும் பொருந்துகின்றனவா என்று ஓட்டும் முன்பே சரிபார்க்கலாம். ஆனால் எழுத மறந்த நிபந்தனையை எந்தக் கணிதமும் காட்டித் தராது. அதற்கு மனிதர்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

திருத்தப்பட்ட ஏரியான் 5, 2018 டிசம்பர் 5 அன்று 5,854 கிலோ எடையுள்ள நம் ஜிசாட்-11 செயற்கைக்கோளை ஏற்றிச் சென்றது. அதன் கட்டுப்பாட்டை ஏற்றது நம் கர்நாடகத்து ஹாசன் நிலையம்.

பி.யூ.சி. படிக்கும் பிள்ளைகள் கணங்களும் சார்புகளும் எதற்கு என்று சலித்துக்கொண்டால் இந்த ராக்கெட்டின் கதையைச் சொல்லுங்கள்.