மணலுக்கு எதற்கு வடிகால்?

தென்சென்னையின் கொட்டிவாக்கத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். நடுவில் இருப்பது மணல். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை நீளும் இந்த மணல்மேட்டின் அடியில், உப்புநீரின் மேல் நன்னீர் மிதந்து நிற்கிறது. உப்புநீர் சற்றே கனமானது என்பதுதான் காரணம். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது கைபன்-ஹெர்ஸ்பர்க் கணக்கு. கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் வயிற்றைக் கலக்கும்: மேலே ஒரு மீட்டர் இறங்கினால், கீழே நாளடைவில் 40 மீட்டர் உப்பு ஏறிவரும். ஒரு முறை உப்புக் கரித்த ஆழ்துளைக் கிணற்றில் நல்ல தண்ணீர் திரும்ப எத்தனையோ மழைக்காலம் ஆகும்.

இந்த மண்ணில்தான் மழைநீர் வடிகால் சர்ச்சை வெடித்தது. கோவளம் வடிநிலத்துக்கான வடிகால் திட்டத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி கடன் தந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரக் குடியிருப்புகளில் கான்கிரீட் வடிகால் வெட்டினால், மணல் உறிஞ்சிக்கொள்ளும் மழை வீணாகக் கடலுக்குப் போய்விடும் என்று மக்கள் எதிர்த்தார்கள். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. வெளிநாட்டு உதவியைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. பணமும் வரைபடமும் கடல் கடந்து வரலாம், மண் பரிசோதனை மட்டும் அந்தந்தத் தெருவில்தான் நடக்கவேண்டும் என்பதே என் வாதம்.

2015 சென்னை வெள்ளத்தை மறந்துவிட்டு வடிகால் வேண்டாம் என்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பக்கிங்காம் கால்வாய்க்கு மேற்கே வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் களிமண்ணும் சதுப்பும். அங்கே நீர் இறங்காது, வடிகால் வேண்டும்தான். கிழக்கே நீர் தேங்குவது பெரும்பாலும் மணலின் குற்றமல்ல, அதன்மேல் சுவரோடு சுவராகப் போட்ட சிமென்ட் தளத்தின் வேலை. தெருவில் ஓடும் அழுக்கு நீரை அப்படியே மண்ணுக்குள் விடலாமா என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். விடக்கூடாது. வடிகட்டித்தான் இறக்கவேண்டும்.

அதற்கு ஒரு வழியும் வெளிநாட்டுக் கூட்டுமுயற்சியிலிருந்தே வந்திருக்கிறது. 2018-இல் நெதர்லாந்து தொடங்கிய நீர்த் திட்டத்தில் சென்னையோடு வங்கதேசத்தின் குல்னாவும் இந்தோனேசியாவின் செமராங்கும் சேர்ந்தன. அதில் உருவான 'ஆயிரம் குளங்களின் நகரம்' என்ற யோசனை கோயில் குளத்தை நகரத்தின் நீர்ச் சேமிப்பாக மறுபடி பார்த்தது. சென்னையின் லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் பள்ளி வளாகத்தில் அதன் முன்னோட்டம்: மழைநீரும் கழிவுநீரும் செடிகள் வேர்விட்ட வடிகட்டிப் படுகை வழியே சுத்தமாகி மண்ணுக்குள் இறங்குகின்றன. ஒரு பள்ளி வளாகத்தை வைத்து ஊரையே எடைபோட முடியாது. பராமரிப்பு தவறினால் படுகை அடைத்துக்கொள்ளும். ஆனால் கொட்டிவாக்கத்துத் தெரு ஒன்றில் குழி வெட்டி, நீர் ஊற்றி, அது எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று அளக்கக் கடன் ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை. வடிகாலுக்கு அளவெடுப்பதற்கு முன்பே அதைச் செய்துவிடலாம்.