நோன்பில் ஒரு மகிழ்ச்சி



'ஒறுத்தல்' என்னும் சொல் தமிழிலே இரண்டு முகம் காட்டும் சொல். தண்டித்தல் என்பது ஒரு முகம். அடக்கி ஆளுதல் என்பது மற்றொரு முகம். தவக்காலப் பிரசங்கங்களிலே 'தன்னொறுத்தல்' என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது தண்டனையின் முகந்தான். முழந்தாளும் பட்டினியும் வாடிய முகமும் கண்முன் வரும். இலத்தீன் மொழியில் ஒழுங்கைக் குறிக்கும் 'டிசிப்பிளினா' என்ற சொல்லோ கற்றலோடு உறவுடையது. 'டிசிப்புலுஸ்' என்றால் மாணவன், சீடன். ஒரே காரியத்தை நாம் பிரம்பின் பக்கம் நின்று பார்க்கிறோம். அவர்கள் பள்ளிக்கூடத்தின் பக்கம் நின்று பார்த்தார்கள் எனலாம்.

அப்போஸ்தலர் பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் 5 ஆம் அதிகாரத்திலே தூய ஆவியின் கனியாக ஒன்பது பண்புகளை வரிசைப்படுத்துகிறார். அன்புக்கு அடுத்ததாக, இரண்டாவது இடத்தில் நிற்பது மகிழ்ச்சி. ஒன்பதாவதாக நிற்பது தன்னடக்கம். கிரேக்க மூலத்திலே 'கனிகள்' என்று பன்மை இல்லை. 'கனி' என்றுதான் உள்ளது. ஒரே பழத்தின் சுளைகளிலே மகிழ்ச்சியும் ஒன்று, தன்னடக்கமும் ஒன்று. இவை இரண்டும் எப்படி ஒரு தோலுக்குள் இருக்க முடியும் என்பதே இன்றைய உரையின் கேள்வி.

இதனைப் பேச எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. 1990 களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்திலே வாழ்ந்தவர்களுக்கு, இல்லாமையைப் பற்றி எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்து, ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்திலே படித்த பிள்ளைகள் எத்தனை பேர்! சவர்க்காரம் இல்லை, சீனி இல்லை, மருந்து இல்லை. அப்படிப்பட்டவனிடம் போய் நோன்பின் மாண்பைப் பேசுவது கொடுமை. பசித்தவனுக்கு நோன்பைப் போதிக்கும் சமயத்தை எசாயா இறைவாக்கினரே தமது நூலின் 58 ஆம் அதிகாரத்தில் கடுமையாகச் சாடியிருக்கிறார். இறைவன் விரும்பும் நோன்பு பசித்தவனோடு உணவைப் பகிர்வது என்பது அவருடைய வாதம். வள்ளுவரும் 27 ஆம் அதிகாரத்திலே தவத்துக்கு இலக்கணம் சொல்லும்போது, தன் துன்பத்தைப் பொறுப்பதோடு பிற உயிருக்குத் துன்பம் செய்யாமையையும் சேர்த்தே வைக்கிறார். இரண்டாவது இல்லாத முதலாவது அவருக்குத் தவமாகத் தோன்றவில்லை.

ஆயினும், அந்தத் தடைக் காலத்திலேதான் நான் ஒரு விநோதத்தைக் கண்டேன். எங்கள் அம்மம்மா தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி பிடிப்பதை நிறுத்தவில்லை. திருச்சபையின் சட்டப்படி அவருக்கு அந்தக் கடமையும் இல்லை. பாப்பரசர் ஆறாம் பவுல் 1966 ஆம் ஆண்டு வெளியிட்ட 'பேனித்தேமினி' என்ற ஏட்டின்படி, கட்டாய உபவாச நாட்கள் விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. வயது முதிர்ந்தவர்களுக்கு அவையும் இல்லை. வீட்டிலோ பானையின் அடி தெரிகிறது. அப்படியிருந்தும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துப் பிடியரிசிப் பானையில் இடுவார். "இருக்கிறதே காணாது, இதென்ன வேலை?" என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "இல்லையெண்டு சாப்பிடாமல் இருக்கிறது வேறை தம்பி. அது அவங்கள் பறிச்சது. இது நானாய் எடுத்து வைக்கிறது." சொல்லிவிட்டுச் சிரித்தார். சலிப்பு இல்லாத சிரிப்பு அது.

இறையியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்பது என் எண்ணம். பறிக்கப்பட்டதற்கும் கொடுக்கப்பட்டதற்கும் வயிற்றிலே வேறுபாடு தெரியாது, பசி ஒன்றுதான். வேறுபாடு கொடுக்கும் கையில் இருக்கிறது. எல்லாம் பறிபோன ஒருவரிடமும் இன்னும் கொடுக்க ஒரு பிடி இருக்கிறது என்றால், அவர் இன்னும் தமக்குத் தாமே எசமான். மகிழ்ச்சி அந்த இடத்தில் பிறக்கிறது.

இனி, இந்தச் சுதந்திரத்தை ஒரு வாழ்க்கை முறையாகவே வகுத்துத் தந்த ஒருவரிடம் செல்வோம். இத்தாலியின் நூர்சியாவிலே ஏறத்தாழ 480 ஆம் ஆண்டில் பிறந்த பெனடிக்ற் அவர். நம் முதியோர் 'ஆசீர்வாதப்பர்' என்று அழைத்த புனிதர். உரோமையில் படிக்கப் போனவர், படிப்பை விட்டு விலகி, சுபியாக்கோ என்ற மலைப்பகுதியின் குகையொன்றிலே தனித்திருந்தார். அவருடைய வாழ்க்கைக் கதையைப் பாப்பரசர் முதலாம் கிரகோரி 6 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதி வைத்தார். அதிலே இரண்டு சம்பவங்கள் நம்முடைய பொருளுக்கு மிக நெருக்கமானவை.

முதலாவது: மனித சஞ்சாரமற்ற குகையிலே இருந்தமையால் பெனடிக்றுக்கு நாள் கிழமை தெரியாமற் போயிற்று. ஓர் உயிர்த்த ஞாயிறன்று தொலைவில் இருந்த குரு ஒருவர் தமக்கென விருந்து சமைத்துக்கொண்டிருக்கையில், தம் அடியான் அங்கே பசித்திருக்க இங்கே விருந்தா என்று இறைவன் உணர்த்தினாராம். குரு உணவை எடுத்துக்கொண்டு மலையும் பள்ளமும் ஏறியிறங்கித் தேடிச் சென்றார். இன்று உயிர்ப்புப் பெருவிழா, இன்று நோன்பிருப்பது தகாது என்றார். இருவரும் சேர்ந்து உண்டார்கள். மூன்று ஆண்டுக் குகை வாசத்திலே கிரகோரி பெரிதாய் எழுதியது பட்டினியின் கணக்கை அல்ல. நோன்பு முறிந்த இந்த ஒரு நேரச் சாப்பாட்டைத்தான். எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

இரண்டாவது கதை கசப்பானது. அயலில் இருந்த மடமொன்றின் துறவிகள் அவரைத் தலைவராக வருமாறு வற்புறுத்தி அழைத்துச் சென்றார்கள். அவருடைய கண்டிப்பு அவர்களுக்குத் தாங்கவில்லை. திராட்சை மதுவிலே நஞ்சைக் கலந்து கொடுத்தார்கள்! அவர் ஆசீர்வதித்ததும் பாத்திரம் உடைந்தது என்கிறார் கிரகோரி. பெனடிக்ற் கோபிக்காமல் குகைக்குத் திரும்பினார். பிற்காலத்தில் மொன்றே கசினோ மலையிலே மடம் அமைத்து, 73 அத்தியாயங்கள் கொண்ட தமது 'ஒழுங்கு' நூலை எழுதியபோது, கடுமையானது, சுமையானது எதையும் விதிக்காமல் இருக்கவே எண்ணுவதாக முகவுரையிலே சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார். அந்த நஞ்சுக் கிண்ணத்தின் நினைவு அவரை விட்டு அகலவில்லைப் போலும். இது என் ஊகம் மாத்திரமே.

அந்த நூலைத் திறந்தால் கடுந்துறவியின் கட்டளைகளை எதிர்பார்ப்பவருக்கு ஆச்சரியமே மிஞ்சும். சாப்பாட்டு மேசைக்கு ஏன் இரண்டு கறி வேண்டும்? ஒன்றைச் சாப்பிட முடியாதவர் மற்றதைச் சாப்பிடட்டும் என்பதற்காக. துறவிகளுக்கு மது ஆகாது என்று படித்திருக்கிறோம். இக்காலத்தவரை அதற்கு இணங்க வைக்க முடியாதாகையால், அளவாகவாவது குடிப்போம் என்று சற்றே பெருமூச்சோடு ஓர் அளவை விதிக்கிறார். முதியோரும் சிறுவரும் உரிய நேரத்துக்கு முன்னரே உண்ணலாம். நோயாளி இறைச்சி உண்ணலாம். களஞ்சியத்தின் சட்டி பானைகளையும் பீடத்துப் பாத்திரங்களைப் போலக் கருத வேண்டும். சிறு சிறு காரியங்கள்தாம். ஆனால் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணியும்.

தவக்காலத்துக்குரியது 49 ஆம் அத்தியாயம். துறவியின் வாழ்வு எக்காலமும் தவக்காலமாகவே இருக்க வேண்டும். அதற்கு வலுவுள்ளவர் சிலரே. ஆகவே இந்த நாட்களிலாவது வழமைக்கு மேலாகச் சிறிது சேர்ப்போம் என்பது அதன் போக்கு. உணவு, பானம், நித்திரை, பேச்சு, பரிகாசம் ஆகியவற்றிலே எதையேனும் அவரவர் தாமாகக் குறைக்கலாம். இந்தச் சிறிய அத்தியாயத்திலே 'மகிழ்ச்சி' என்ற சொல் இரு முறை வருகிறது. கொடுப்பதைத் தூய ஆவியின் மகிழ்ச்சியோடு கொடுக்க வேண்டும். உயிர்ப்பு விழாவை ஆன்ம ஏக்கத்தின் மகிழ்ச்சியோடு எதிர்பார்த்திருக்க வேண்டும். நோன்பைப் பற்றிய பேச்சிலே மகிழ்ச்சியை இவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்து வைத்தவர் வெறும் சட்டம் எழுதுபவராக இருக்க முடியாது. வீட்டுக்கு வரப்போகும் ஒருவருக்காகச் சாப்பிடாமற் காத்திருப்பவர் பசியோடுதான் இருப்பார். ஆயினும் வாசலைப் பார்த்தபடி இருப்பார்.

அந்த அத்தியாயத்தின் முடிவிலே ஒரு நிபந்தனை உண்டு. எதை விடப்போகிறோம் என்பதை மடாதிபதியிடம் சொல்லி, அவருடைய செபத்தோடும் சம்மதத்தோடும் செய்ய வேண்டும். சொல்லாமற் செய்தால் அது துணிச்சல், வீண்பெருமை. அதற்குப் பலன் இல்லை. 'நானாய் எடுத்து வைக்கிறது' என்பதற்கு இது முரண் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். நானும் இதனை வெகுநாள் யோசித்ததுண்டு. இப்போது எனக்குப் படுவது இதுதான்: தனக்குத்தானே விதித்துத் தானே கணக்கெழுதும் நோன்பிலே, நோன்பாளிக்கு வேலை அதிகம். இன்று எத்தனை நாள், நேற்றைவிட எவ்வளவு குறைவு, அடுத்த வீட்டுக்காரனைவிட நான் எவ்வளவு மேல் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கணக்குப்பிள்ளைக்கு மகிழ நேரம் ஏது? இன்னொருவரிடம் சொல்லி ஒப்படைத்துவிட்டால் அந்தக் கணக்கு அவரிடம் போய்விடுகிறது. அளவு மிஞ்சினால் 'வேண்டாம்' என்று சொல்லவும் ஆள் இருக்கிறது.

மலைப் பொழிவிலே ஆண்டவர் இயேசு, நோன்பிருக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசி முகம் கழுவும்படி சொன்னதும் இந்த நோயை அறிந்துதான். எண்ணெய் விழா நாளுக்குரியது. நம் காலத்தில் முகநூலை நாற்பது நாள் விட்டுவிடுவதாக முகநூலிலேயே அறிவிப்பவர்களையும் காண்கிறோம். அவர்கள் பாவம், எண்ணெயை வேறு யாருக்கோ பூசிவிட்டார்கள்!

அதற்காக ஒழுக்கம் என்றால் எந்நேரமும் இனிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தின் 12 ஆம் அதிகாரம், கண்டித்துத் திருத்தப்படுதல் அவ்வேளையில் துயரமாகவே தோன்றும் என்பதை ஒளிக்காமற் சொல்கிறது. அந்தத் துயரத்தின் மிக நுட்பமான சித்திரத்தை வரைந்தவர், எகிப்தியப் பாலைவனத்திலே வாழ்ந்து 399 இல் மறைந்த எவாக்கிரியுஸ். துறவியை நண்பகலிலே தாக்கும் ஒரு சலிப்பை அவர் வருணிக்கிறார். சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும். பகலுக்கு ஐம்பது மணிநேரம் இருப்பதாகத் தோன்றும். துறவி அடிக்கடி யன்னலால் எட்டிப் பார்ப்பார். வெளியே வந்து, சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலை அளப்பார். இந்த இடம் பிடிக்காது, கைவேலை பிடிக்காது, அன்பு காட்ட ஒருவரும் இல்லை என்று தோன்றும். வேறு ஊருக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனம் ஆசை காட்டும். கந்தோரில் பிற்பகல் இரண்டு மணிக்கு மணிக்கூட்டைப் பார்த்திருந்த எவருக்கும் இந்தப் பேய் அந்நியம் அல்ல. எவாக்கிரியுஸ் சொல்லும் மருந்து, எழுந்து ஓடாமல் அந்த அறையிலேயே இருப்பது. அந்தப் போராட்டம் முடிந்தபின் வேறு எந்தப் பேயும் உடனே தொடர்ந்து வராதாம். ஆழ்ந்த அமைதியும் சொல்லுக்கடங்காத மகிழ்ச்சியும் வருமாம். அனுபவித்தவருடைய எழுத்து இது. எந்த நாளில், எத்தனை மணிக்கு அந்த மகிழ்ச்சி வரும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

அவருக்கு முன் அதே பாலைவனத்தில் வாழ்ந்தவர் வனத்து அந்தோனியார். 356 இல் மறைந்த இவரை நம்மவர் கொண்டாடும் பதுவைப் பதியரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் சகோதரர்களோடு பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பதை வேடன் ஒருவன் கண்டு முகஞ்சுளித்தான். வில்லை வளை என்றார் அந்தோனியார், வளைத்தான். இன்னும் வளை என்றார். இன்னும், இன்னும் என்றபோது, முறிந்துவிடும் ஐயா என்றான் வேடன். சகோதரர்களும் அப்படித்தான் என்றார் பெரியவர். அந்த வேடனை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். துறவிகள் சிரிக்கக் கூடாது என்பதில் துறவிகளைவிட நமக்கே அக்கறை அதிகம்.

நம் மண்ணிலும் இந்த மரபின் கிளை உண்டு. யாழ்ப்பாணத்துத் தோலகட்டியிலே 1928 இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் சபை மௌனத்தையும் செபத்தையும் கைவேலையையும் ஒன்றாகக் கோத்தது. அவர்களுடைய மௌனத்தை அறியாதவர்களும் அவர்கள் செய்த நெல்லிரசத்தை அறிவார்கள்.

பெனடிக்றின் நூலில் இன்னும் ஓர் இடத்தைச் சொல்லி விடைபெறுகிறேன். 43 ஆம் அத்தியாயம், செபத்துக்குப் பிந்தி வருவோரைப் பற்றியது. இரவுச் செபத்தின் தொடக்கத்தில் வரும் சங்கீதத்தின் திரித்துவப் புகழுரை முடியுமுன் வந்துவிட்டவருக்குத் தண்டனை இல்லை. அதன் பின் வருபவர் கடைசியிலே நிற்க வேண்டும். வெளியே நிற்க விட்டால் என்ன? விடக் கூடாது என்கிறார் பெனடிக்ற். வெளியே நின்றால் சிலர் திரும்பப் போய்ப் படுத்துவிடுவார்கள், சிலர் குந்தியிருந்து ஊர்க்கதை பேசுவார்கள். உள்ளே வரட்டும், முழுவதையும் இழக்க வேண்டாம். அதனால்தான் அந்தச் சங்கீதத்தை இழுத்து இழுத்து, மிக மெதுவாகச் சொல்லும்படி கட்டளையிட்டிருக்கிறார். இருட்டிலே, குளிரிலே, கண் திறக்க முடியாத ஒருவர் படிகளில் ஓடி வந்துகொண்டிருக்கிறார். உள்ளே ஒரு மடமே அவருக்காக மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கிறது.