கோடு வரை மட்டும்

“5.85 கிராம் உப்பை 1 லிட்டர் தண்ணீரில் போட்டால் 0.1 மோலார் கரைசல் கிடைத்துவிடுமே, அதற்கு எதற்குத் தனியாக ஒரு குடுவை?” என்று பிளஸ் டூ படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். மோலாரிட்டிக் கணக்கு தெரிந்தவர்தான் இப்படிக் கேட்க முடியும். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் கணக்கில் வரும் 1 லிட்டர், கரைந்தபின் கிடைக்கும் மொத்தக் கரைசலின் அளவு. நாம் ஊற்றிய தண்ணீரின் அளவல்ல. 5.85 கிராம் உப்பில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. 342 கிராம் சர்க்கரையை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். கரைசல் ஏறத்தாழ 1.2 லிட்டர் ஆகிவிடும். 1 மோலார் என்று லேபிள் ஒட்டினால் அது பொய்.

இதற்காகத்தான் நீண்ட கழுத்தில் ஒரே ஒரு கோடு போட்ட ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க். எடை போட்ட பொருளைக் கொஞ்சம் வாலை வடிநீரில் முழுதாகக் கரைத்துக் குடுவையில் ஊற்ற வேண்டும். பீக்கரை இரண்டு மூன்று முறை கழுவி அந்த நீரையும் சேர்க்க வேண்டும். பிறகு கோடு வரை நிரப்பிக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். கோட்டுக்கு அருகில் வந்ததும் சொட்டுச் சொட்டாகத்தான். கழுத்து குறுகலாக இருப்பதால் ஒரு சொட்டுக்குக்கூட நீர்மட்டம் ஏறுவது தெரியும். கோட்டைத் தாண்டிவிட்டால் உறிஞ்சி எடுத்துப் பயனில்லை. உறிஞ்சும் நீரோடு உப்பும் போய்விடும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

என்னை இன்றைக்கும் வியக்கவைப்பது இன்னொன்று. 50 மி.லி. எத்தனாலும் 50 மி.லி. தண்ணீரும் சேர்ந்தால் 100 வராது. 96, 97 மி.லி.தான் வரும். ஒரு துளியும் சிந்தவில்லை, எடையும் குறையவில்லை, கன அளவு மட்டும் சுருங்குகிறது. சத்துமாவுக்காக என் பாட்டி ஒரு படி கொண்டைக்கடலையையும் ஒரு படி கேழ்வரகையும் கலந்து அளந்தால் இரண்டு படி தேறாது. கடலையின் இடுக்குகளில் கேழ்வரகு புகுந்துகொள்ளும். மூலக்கூறுகளிடையே இடம் பிடிப்பதோடு ஈர்ப்பும் உண்டு. ஹைட்ரஜன் பிணைப்புகள் மாறி அமைந்து அவற்றை இன்னும் நெருக்கிவிடுகின்றன. தனிம அட்டவணை தந்த மெண்டலீவின் 1865ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வே ஆல்கஹாலும் நீரும் சேர்வதைப் பற்றியதுதான். கன அளவுகளைக் கூட்டிப் போட்டுக் கரைசல் தயாரிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கோடு வரை நிரப்பியதோடு வேலை முடிந்துவிடாது. வெப்பம் ஏறினால் கரைசல் விரியும். 27 டிகிரியில் 1 லிட்டராக இருந்த நீர், 37 டிகிரியில் சுமார் 3 மி.லி. கூடிவிடும். நம் நாட்டுக் குடுவைகள் பலவற்றில் 27° செ. என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெப்ப நாடுகளுக்கு ஏற்ற வெப்பநிலை அது. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை இழுத்துக்கொண்டு வலுவிழக்கும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வெளிச்சம் சிதைக்கும். பழுப்புப் பாட்டில் அதற்காகத்தான். அதனால்தான் இவற்றை அவ்வப்போது ஆக்ஸாலிக் அமிலத்தோடு தரம்பார்த்துச் சரியான செறிவைக் கண்டுபிடிக்கிறார்கள்.

பல பள்ளிகளில் மாணவர்கள் இதில் எதையும் தொடுவதில்லை. ஆய்வக உதவியாளர் தயாரித்த கரைசல் தேதியில்லாத பாட்டிலில் மேசைக்கு வருகிறது. பியூரெட் அளவைக் குறித்து, விடையைச் ‘சரிக்கட்டி’ மதிப்பெண் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வெளியேறுகிறார்கள். செறிவு என்பது அவர்களுக்குச் சூத்திரமாக மட்டுமே மிஞ்சுகிறது.

இதன் விலையை வீட்டில் கொடுக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். பொடி 20.5 கிராம், 1 லிட்டர் நீருக்கானது. குழந்தை அவ்வளவு குடிக்காது என்று முழுப் பொடியையும் ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குபவர்கள் இருக்கிறார்கள். அளவுக்கு மீறிய சோடியம் வயிற்றுப்போக்கில் வாடும் குழந்தைக்கு ஆபத்து. தண்ணீரைக் கூட்டிவிட்டால் மருந்து வேலை செய்யாது. பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுதான் அங்கே ஃபிளாஸ்க்கின் கோடு.

ஆசிரியர்களே, ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு மாணவரும் தம் கையால் ஒரு கரைசல் தயாரித்து, செறிவும் தேதியும் எழுதி லேபிள் ஒட்டட்டும். கடைசிச் சொட்டுக்காகப் பொறுத்திருந்து பழகியவர் ஓ.ஆர்.எஸ். கலக்கும்போது கண்ணளவை நம்ப மாட்டார்.