சபாநாயகர் நாற்காலி: பேராக் சொல்லும் பாடம்

நம் வீடுகளில் அரசியல் பேச்சு எழுந்தால் முதலில் எண்ணுவது பதவிகளைத்தான். அமைச்சரவையில் நம்மவர் எத்தனை பேர், மாநில ஆட்சிக்குழுவில் எத்தனை பேர் என்று கணக்குப் பார்ப்போம். சட்டமன்ற சபாநாயகர் யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவன். அதனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை. எங்கள் பேராக் மாநிலத்தில் 2008 முதல் 2018 வரை அந்த நாற்காலியில் அடுத்தடுத்து அமர்ந்த நால்வரும் இந்தியர்களே: வி. சிவகுமார், ஆர். கணேசன், எஸ்.கே. தேவமணி, எஸ். தங்கேஸ்வரி. இவர்களில் முதலாமவரின் பொதுவாழ்வைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் பேராக் சட்டமன்றத்தின் 59 இடங்களில் 31ஐ ஜசெக, பாஸ், பிகேஆர் ஆகிய மூன்று கட்சிகளும் சேர்ந்து கைப்பற்றின. தேசிய முன்னணிக்கு 28 கிடைத்தன. பாஸ் கட்சியின் நிஸார் ஜமாலுடின் மந்திரி பெசார் ஆனார். துரோனோ தொகுதியில் ஜசெக சார்பில் வென்ற சிவகுமார், அதே ஆண்டு ஜூன் மாதம் சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பேராக் சட்டமன்றத்தின் முதல் இந்திய சபாநாயகர் அவர். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

சபாநாயகருக்கு அப்படி என்ன வேலை என்று அண்மையில் என் தம்பி மகள் கேட்டாள். “இல்ல பெரியப்பா, சும்மா உட்கார்ந்து ‘அமைதி, அமைதி’ன்னுதானே சொல்லுவாரு?” என்றாள். படித்து வேலைக்குப் போகும் பிள்ளை அவள். அவளைக் குறை சொல்ல முடியாது. சட்டமன்றம் ஒழுங்காக நடக்கும் காலத்தில் சபாநாயகரின் வேலை வெளியே தெரியாது. எந்தக் கேள்வியை அனுமதிப்பது, எந்தத் தீர்மானத்தை விவாதத்துக்கு எடுப்பது, வரம்பு மீறும் உறுப்பினரை எப்போது வெளியேற்றுவது என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. ஆளுங்கட்சி சொல்வதை எதிர்க்கட்சி கேட்கவும், எதிர்க்கட்சி கேட்பதற்கு ஆளுங்கட்சி பதில் சொல்லவும் வழி செய்பவர் அவர்தான். பெரும்பான்மை நூலிழையில் ஆடும்போதுதான் அந்த நாற்காலியின் கனம் தெரியும்.

பேராக்கில் அந்த நிலை 2009 பிப்ரவரியில் வந்தது. பிகேஆரின் இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களும் ஜசெகவின் ஜெலாப்பாங் உறுப்பினரும் தங்கள் கட்சிகளை விட்டு விலகி, தேசிய முன்னணிக்கு ஆதரவான சுயேச்சைகளாக மாறினார்கள். சபையில் 28க்கு 28, நடுவில் மூவர். அந்த மூவரும் முன்பே கையெழுத்திட்டு, தேதி போடாமல் கொடுத்திருந்த பதவி விலகல் கடிதங்கள் சிவகுமாரிடம் வந்தன. அவற்றின் அடிப்படையில் மூன்று தொகுதிகளும் காலியானதாக அவர் அறிவித்தார். தேர்தல் ஆணையம் அதை ஏற்கவில்லை. சட்டமன்றத்தைக் கலைக்கும்படி நிஸார் விடுத்த வேண்டுகோளை மேன்மை தங்கிய சுல்தான் ஏற்கவில்லை. பிப்ரவரி 6ஆம் தேதி தேசிய முன்னணியின் ஸம்ரி அப்துல் காதிர் மந்திரி பெசாராகப் பதவியேற்றார்.

அதன் பிறகு நடந்தவற்றை எங்கள் ஊரில் இன்றும் பேசுகிறார்கள். சபை உரிமைக் குழுவின் தலைவர் என்ற முறையில் சிவகுமார், ஸம்ரியை 18 மாதங்களுக்கும் அவருடைய ஆட்சிக்குழுவினர் அறுவரை 12 மாதங்களுக்கும் இடைநீக்கம் செய்தார். மார்ச் 3ஆம் தேதி அவசரக் கூட்டத்துக்கு வந்தபோது சட்டமன்றக் கட்டடத்துக்குள் விடவில்லை. அருகிலிருந்த மழைமரத்தின் அடியிலேயே சபாநாயகர் கூட்டத்தை நடத்தினார். அந்த மரத்துக்கு ‘ஜனநாயக மரம்’ என்று பெயரே வந்துவிட்டது.

மே 7ஆம் தேதி சபை முறைப்படி கூடியது. சுல்தானின் பிரதிநிதியாகத் தொடக்க உரையாற்ற வந்த ராஜா மூடா பல மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. உள்ளே ஒரே சபையில் இரண்டு தரப்பும் இரண்டு கூட்டங்கள் நடத்தின. தேசிய முன்னணித் தரப்பு சிவகுமாரை நீக்கி, மஇகாவின் கணேசனைச் சபாநாயகராக்கியது. சபாநாயகர் அங்கியோடு இருந்த சிவகுமார் வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டார். சபை உறுப்பினரல்லாதவரும் சபாநாயகராகலாம் என்பதையே நம்மில் பலர் அன்றுதான் அறிந்தோம். கணேசன் அப்போது சட்டமன்ற உறுப்பினர் அல்லர்.

நீதிமன்றங்கள் சிவகுமாரின் பக்கம் நிற்கவில்லை. ஸம்ரியின் இடைநீக்கம் செல்லாது என்றும், தொகுதி காலியா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியது தேர்தல் ஆணையம்தான் என்றும் கூட்டரசு நீதிமன்றம் 2009 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஸம்ரியே சட்டப்படியான மந்திரி பெசார் என்பதை 2010 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. சபாநாயகர் தம் கட்சியைக் காப்பாற்ற நாற்காலியைப் பயன்படுத்தினார் என்று அன்று எதிர்த்தரப்பு சொன்னது. அது தள்ளிவிடக்கூடிய குற்றச்சாட்டு அல்ல. தேதி போடாத கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்வதும் நல்ல அரசியல் வழக்கம் அல்ல.

ஆனாலும் அவர் எழுப்பிய கேள்வி அந்தத் தீர்ப்புகளோடு முடிந்துவிடவில்லை. ஒரு கட்சியின் பெயரில் வாக்கு வாங்கி வென்றவர் கட்சி மாறினால், அந்த வாக்கு யாருக்குச் சொந்தம்? 2020இல் மத்திய அரசே கட்சித் தாவலால் கவிழ்ந்தபோது நாடு முழுவதும் இதையே கேட்டது. 2022 ஜூலையில் நாடாளுமன்ற மக்களவை கட்சித் தாவல் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. அக்டோபர் 5ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. கட்சியை விட்டு விலகினால் நாடாளுமன்றத் தொகுதி காலியாகும். உறுப்பினர் ஒருவர் எழுத்து மூலம் தெரிவித்தால், காலியிடத்தை உறுதி செய்து 21 நாள்களுக்குள் தேர்தல் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டியவர் யார் தெரியுமா? சபாநாயகர்! 2009இல் சபாநாயகருக்கு இல்லை என்று சொல்லப்பட்ட பொறுப்பு, இன்று சட்டத்தின் வழியாகவே அந்த நாற்காலிக்கு வந்திருக்கிறது. மாநிலங்களும் தங்கள் அரசமைப்பைத் திருத்தி இதே ஏற்பாட்டைக் கொண்டுவந்துள்ளன.

சிவகுமாரின் பயணமும் 2009இல் நின்றுவிடவில்லை. 2013இல் பத்து காஜா நாடாளுமன்றத் தொகுதியில் வென்றார். 2018, 2022 தேர்தல்களிலும் தக்கவைத்தார். 2022 டிசம்பரில் மனிதவள அமைச்சரானார். அதே நாளில், அதே அமைச்சரவையில் வெளியுறவு அமைச்சராகப் பதவியேற்றவர் ஸம்ரி! 18 மாதம் இடைநீக்கம் செய்தவரும் செய்யப்பட்டவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். முடிதிருத்தும் நிலையங்கள், நகைக்கடைகள், ஜவுளிக்கடைகள் ஆகியவற்றுக்குப் பல ஆண்டுகளாக முடக்கப்பட்டிருந்த அந்நியத் தொழிலாளர் அனுமதி மீண்டும் திறக்கப்பட்டது அவர் அமைச்சராக இருந்தபோதுதான். நம் சிறு வணிகக் குடும்பங்கள் நீண்ட நாள் கேட்டுவந்த ஒன்று அது. 2023 டிசம்பரில் நடந்த அமைச்சரவை மாற்றத்தோடு அந்தப் பதவி முடிந்தது.

அமைச்சராக இருந்தது ஓராண்டு, சபாநாயகராக இருந்ததும் ஏறக்குறைய ஓராண்டு. இரண்டில் எது நினைவில் நிற்கும் என்று என்னைக் கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்வேன். அன்று அவர் செய்ததெல்லாம் சரி என்பதற்காக அல்ல. ஒரு நாற்காலியில் அமர்பவர் எதைக் காக்க வேண்டும், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற கேள்வியை எங்கள் ஊர்க் காப்பிக்கடை வரை கொண்டுவந்தது அந்த ஓராண்டுதான்.

அடுத்த முறை உங்கள் மாநிலத்தில் புதிய ஆட்சி அமையும்போது, ஆட்சிக்குழுவில் நம்மவர் எத்தனை பேர் என்று பாருங்கள்; தவறில்லை. கூடவே சபாநாயகர் யார், அவர் எதிர்க்கட்சிக்கும் கேள்வி கேட்க நேரம் தருகிறாரா என்றும் பாருங்கள். உங்கள் தொகுதி உறுப்பினர் உங்களுக்காக எழுந்து பேச முடியுமா என்பது அந்த ஒருவரைப் பொறுத்தும் இருக்கிறது. என் தம்பி மகளிடமும் இதைத்தான் சொன்னேன்.