ஜீப்பின் அடியில் 'டங்' சத்தம்: ஏன்? எப்படி?

கிளட்ச்சை விட்டதும் அடியில் 'டங்' என்கிறதா? இன்ஜினின் விசை கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் வழியே சக்கரத்துக்குப் போகிறது. தேய்மானத்தால் இணைப்புகளில் இடைவெளி கூடினால், விசை திசை மாறும்போது உலோகம் மோதும்.

சமதரையில் இன்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் ஷாஃப்ட்டைக் கையால் இருபுறமும் திருப்புங்கள். யுனிவர்சல் ஜாயின்ட்டின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தால் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தே அதிகமாக ஆடினால் டிஃபரன்ஷியல் பற்களைச் சந்தேகிக்கலாம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. மைய டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியை, உலர்ந்த தார்ச்சாலையில் 4 சக்கர இயக்கத்தில் திருப்பினாலும் சத்தம் வரும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. ஷாஃப்ட்கள் முறுக்கேறி, டயர் வழுக்கும்போது சட்டென்று விடுபடுகின்றன. இது தேய்மானம் அல்ல. ஆனால் தொடர்ந்தால் பாகங்கள் உடையும். தார்ச்சாலையில் 2 சக்கர இயக்கத்துக்கு மாறிவிடுங்கள்.